பூஜைக்கு உட்கார்ந்த சர்வர்

அத்தியாயம் 14

ஞாயிறு மாலை ஏழு மணிக்குள் ஒன்பது பச்சை. போன வாரம் உமாபதி தன் மருமகள் பிரேமலாவுக்கு விதித்த கெடு அதுதான். தீபாவளித் துணி எடுக்கக் கிள்ளானுக்குப் போய் இதழைத் தவறவிட்டவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பத்தாங் பெர்ஜுந்தாயில் உமாபதிக்கு ஒன்பது தொழிற்சாலை பஸ்கள். ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறி வருஷங்கள் ஆகிவிட்டன. அவருடைய பஸ்களின் விலாவில் மட்டும் இன்னும் பழைய பெயர்தான். சுற்றியுள்ள தோட்டங்களிலும் கம்பம் எனப்படும் மலாய்க் கிராமங்களிலும் முன்னூற்றுச் சொச்சம் பேரை விடியற்காலையில் ஏற்றி, ரவாங் பக்கத்து ஆலைகளில் இறக்கிவிடுவது தொழில்.

யாருக்கு எந்த பஸ், யார் ஓட்டுவது, எங்கெங்கே நிற்பது என்ற பட்டியலை அலுவலகப் பின்னறையில் இருக்கும் ஒரு சர்வர் தினமும் மாலை ஆறரை மணிக்கு ஓட்டுநர்களின் கைப்பேசிக்கு அனுப்பும். ஓட்டுநர் பார்த்துவிட்டு 'சரி' என்று தட்டினால் அலுவலகத் திரையில் அந்த பஸ்ஸின் எண் பச்சையாகும். பச்சை வந்தால் உமாபதிக்குச் சாப்பாடு இறங்கும்.

அந்த சர்வருக்கு வயது பதினொன்று. இரண்டு மாதத்தில் மூன்று முறை படுத்துவிட்டது.

"இத கிளவுடுக்கு மாத்திடலாம் மாமா. நானே செய்றேன்" என்றாள் பிரேமலா. பீஜே என்று சொல்லப்படும் பெட்டாலிங் ஜெயாவில் நாலு வருஷமாக ஊரார் நிறுவனங்களுக்கு அவள் செய்துகொண்டிருப்பது இதே வேலைதான். திங்கள் முதல் வெள்ளி வரை அங்கே வாடகை அறை. சனி, ஞாயிறு மட்டும் வீடு. ஞாயிற்றுக்கிழமை மாலையானால் எட்டு வயது மகள் கண்மணிக்கு வயிற்றுவலி வந்துவிடும். எந்த மருந்துக்கும் கேட்காது. வெள்ளிக்கிழமை அம்மாவின் கார் வாசலில் வந்து நின்றதும் தானாகப் போய்விடும்.

மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அதில் மிச்சம் ஒரு வாரம்.

"ஒம்போது பஸ்ஸுக்கும் ஒம்போது பச்ச. ஞாயித்துக்கெழம ஏழு மணிக்குள்ள, ஒன் புது எடத்துலேருந்து வரணும்" என்றார் உமாபதி. "வந்துச்சுன்னா ஆபீஸ் ஒன் கையில. இங்கயே இரு. வரலன்னா நீ பீஜே வேலைக்கே போ. நான் என் பழைய பெட்டியயே ஓட்டிக்கிறேன்."

கேட்டீர்களா நியாயத்தை! பெட்டி செத்தால் பழி பெட்டிக்கு. மாற்றும்போது ஒரு பச்சை குறைந்தால் பழி மருமகளுக்கு. இருந்தாலும் பிரேமலா சரி என்றாள். கண்மணியின் வயிற்றுவலிக்கு அவள் கண்ட ஒரே மருந்து இதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இன்று.

*

ஆயுத பூஜை பஞ்சாங்கத்தில் எந்தக் கிழமையில் வந்தாலும் உமாபதியின் நிறுவனத்தில் ஞாயிற்றுக்கிழமைதான் வரும். மற்ற நாளில் பஸ் நிற்காது. அம்பாளுக்கு அவருடைய தொழில் தெரியும், அனுசரித்துக்கொள்வாள் என்பது அவர் நம்பிக்கை.

காலை பத்து மணிக்கெல்லாம் முற்றத்தில் ஒன்பது பஸ்களும் குளித்துவிட்டு வரிசையாக நின்றன. மூத்த ஓட்டுநர் செல்லன் சக்கரங்களுக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார். நாலாம் நம்பர் ஓட்டுநர் அமலதாஸ் மாதா கோயில் பூசை முடிந்து வந்த வெள்ளைச் சட்டையோடு பூசணிக்காயைச் சுமந்து வந்தார். பதினேழு வருஷமாகப் பூசணிக்காய் அவர் பொறுப்பு. வேறு யாராவது தொட்டால் முகம் வாடிவிடும்.

பின்னறையில் பிரேமலா மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வளாகத்திலேயே குளிர்சாதனம் உள்ள ஒரே அறை அது. அதனால் சர்வரோடு சேர்ந்து மல்லிகைச் சரமும், மூன்று தட்டு லட்டும், உமாபதியின் மத்தியானத் தூக்கமும் அங்கேயே குடியிருந்தன.

உமாபதி எட்டிப் பார்த்தார். "போயிருச்சா எல்லாம்?"

"ரெண்டு போயிருச்சு மாமா. ஒண்ணு பாதி வழியில நிக்குது."

"ஒரே பெட்டிதான இருக்கு? என்னா ரெண்டு, மூணு?"

பிரேமலா பொறுமையாகச் சொன்னாள். "பெட்டி ஒண்ணுதான். உள்ள மூணு கம்ப்யூட்டர் தனித்தனியா ஓடுது. தோட்டத்துல ஒரே லயத்துக்குள்ள மூணு குடும்பம் இருக்கும்ல, ஆளுக்கு ஒரு கதவு, ஆளுக்கு ஒரு அடுப்பு, அந்த மாதிரி. நான் லயத்தத் தூக்கிட்டுப் போகல. குடும்பத்த மட்டும் சட்டி பானையோட புது எடத்துல கொண்டு வெக்கிறேன். பட்டியல் ஒரு குடும்பம். பஸ் எங்க நிக்குதுன்னு காட்றது இன்னொண்ணு. ரெண்டும் நேத்தே போய் எறங்கிருச்சு. இங்க எது மாறினாலும் அங்கயும் ஒடனே மாறிக்கிட்டே இருக்கு. ரிப்பேர் போட்டோ வெச்சிருக்கிற மூணாவது குடும்பத்துக்குத்தான் சாமான் ஜாஸ்தி. தொண்ணூத்து நாலு பெர்சன்ட்ல இருக்கு."

"புது எடம் எங்க இருக்கு?"

"சைபர்ஜெயா பக்கம், பெரிய கட்டடம்."

"அங்க யாரு அதுக்கு விளக்கு ஏத்துறது?"

பிரேமலா மடிக்கணினியைப் பார்த்து யோசித்தாள். நானும் யோசித்துப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.

"மாமா, முக்கியமான விஷயம். சரியா ரெண்டு மணிக்கு இந்தப் பெட்டிய நிறுத்துவேன். கடைசியா என்ன இருக்கோ அதோட புது எடத்துல எழுப்புவேன். அதுக்கப்புறம் யாரும் இதுல எதையும் தட்டக்கூடாது. தட்டினா அது இங்கயே நின்னுடும், அங்க போகாது."

உமாபதியின் முகம் மாறியது. "ஆறு மணிக்கு எனக்கு ரெண்டு நிமிஷம் வேணுமே."

வாரம் முழுக்க இருவருக்கும் நடந்த சண்டை இதுதான். தினமும் மாலை ஆறு மணிக்கு உமாபதி பின்னறைக்குள் போவார். கதவைச் சாத்துவார். இரண்டு நிமிடம் கழித்து வெளியே வருவார். பட்டியலைத் தயாரிப்பது சர்வர். அனுப்புவதும் சர்வர். அப்புறம் இவர் உள்ளே போய் எதைத் தட்டுகிறார்? தன்மேல் நம்பிக்கையில்லாமல் சரிபார்க்கிறார் என்றே பிரேமலா நினைத்தாள். அது அவளுக்கு உள்ளூர வலித்தது.

"அப்படி என்னதான் மாமா செய்றீங்க? சொன்னா நானே செஞ்சிடுவேன்ல?"

"அது என் வேல" என்று சொல்லிவிட்டு உமாபதி வெளியே போய்விட்டார்.

*

பதினொன்றரைக்கு வேலம்மா வந்து நின்றார். மாமியார்தான், ஆனால் மருமகளோடு கூட்டணி.

"பிரேமா, வாழைக்கன்னு பத்தல, எலுமிச்சம்பழமும் பத்தல. என்னை டவுனுக்குக் கொண்டு போய் விடும்மா. இந்த வீட்டு ஆம்பளைங்க ஒம்போது பஸ் வெச்சிருக்காங்க, ஒரு எலுமிச்சம்பழம் வாங்க ஒருத்தனுக்கும் வண்டி இல்ல."

எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. பிரேமலா கிளம்பினாள்.

ஒரு மணிக்குத் திரும்பி வந்தபோது முற்றத்தில் ஒன்பது பஸ்களுக்கும் நடுநாயகமாக ஒரு மேசை போட்டிருந்தது. மேசைமேல் வெள்ளைத் துணி. துணிமேல் ஸ்பேனர்கள், ஜாக்கி, ஒன்பது சாவிகள் வைத்த தாம்பாளம். இவற்றுக்கெல்லாம் பின்னால், கிழக்குப் பார்த்து, நெற்றி நிறையச் சந்தனமும் குங்குமமும் கழுத்தில் மல்லிகைச் சரமுமாக சர்வர் உட்கார்ந்திருந்தது.

அதன் மின்கம்பி அழகாகச் சுருட்டப்பட்டு, மஞ்சள் கயிற்றால் கட்டப்பட்டு, பக்கத்திலேயே இருந்தது.

பிரேமலாவின் கையிலிருந்த எலுமிச்சம்பழப் பை நழுவி விழுந்தது. பழங்கள் பஸ்ஸுக்கடியில் உருண்டு ஓடின.

"என்னங்க!" என்று கத்தினாள். அவள் கணவன் சுகுமாறன் ஏழாம் நம்பர் பஸ்ஸுக்கடியிலிருந்து தலையை நீட்டினான். "நான் வேணாம்னுதான் சொன்னேன், அப்பா கேக்கல லா" என்று சொல்லிவிட்டுத் தலையை உடனே உள்ளே இழுத்துக்கொண்டான். புத்திசாலி.

"மாமா, யாரு இத நிறுத்துனது?"

"நான்தான்." உமாபதிக்குத் தான் ஏதோ தப்புச் செய்ததாகவே தோன்றவில்லை. "ஆயுதத்த பூஜைக்கு வெச்சா ஓட விடலாமாம்மா? பஸ் நிக்குது, ஜாக்கி நிக்குது, இது மட்டும் உள்ள உர்ருனு ஓடிக்கிட்டே இருக்கு. பதினோரு வருஷமா நமக்குச் சோறு போட்ட பெட்டி. போற அன்னிக்காவது முறையா பூஜையில உக்காரட்டும்."

"அது ஓடிக்கிட்டு இருக்கணும் மாமா! காப்பி பாதியில நிக்குது! இப்போ எடுத்துட்டுப் போய் மாட்டணும்."

"பூஜைக்கு வெச்சத நாளைக்குக் காலையில மறுபூஜ முடிச்சுத்தான் தொடணும். அது வரைக்கும் யாரும் கை வெக்கக்கூடாது. நானும்தான்."

வேலம்மா தலையில் அடித்துக்கொண்டார். "ஏங்க, அது புள்ளயோட வாழ்க்கைங்க!"

"அம்பாளுக்குத் தெரியும்" என்றார் உமாபதி. சில மனிதர்களை வைத்துக்கொண்டு அம்பாள் என்ன பாடுபடுகிறாளோ!

பிரேமலா பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சர்வர் இருந்த இடத்தில், தூசிக்கு நடுவில் ஒரு செவ்வகத் தடம் மட்டும் இருந்தது. பீஜே வாடகை அறையின் இரும்புக் கட்டில் கண்முன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கும் கண்மணி வந்தாள். அழ வேண்டியதுதான் என்று முடிவு செய்து, அதற்கு முன்னால் ஒரு தடவை மடிக்கணினியைத் திறந்து பார்த்தாள்.

பட்டியல் கணினியிலிருந்து புது இடத்துக்குக் கடைசியாகப் போய்ச் சேர்ந்த மாற்றம்: பதினொன்று இருபத்தெட்டு.

கதவைத் திறந்து கேட்டாள். "மாமா, எத்தன மணிக்கு நிறுத்தினீங்க?"

"பன்னண்டுக்கு எமகண்டம் வந்துரும்னு பதினொன்னே முக்காலுக்கு."

"வயரப் பிடுங்கினீங்களா?"

"சீச்சீ! போன வருஷம் ரிப்பேருக்கு வந்த ஆளு சொல்லிக் குடுத்த மாதிரி பட்டன ஒரு தரம் அமுக்கி, எல்லா லைட்டும் அணையற வரைக்கும் கும்பிட்டுக்கிட்டு நின்னேன். அப்புறம்தான் வயர எடுத்தேன்."

"பதினொன்னரைக்கு மேல யாராச்சும் பட்டியல்ல எதையாச்சும் மாத்தினீங்களா?"

"பூஜ அன்னிக்கு யாரு ஆபீஸ் வேல பாப்பா?"

பிரேமலா அப்படியே நின்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சுகுமாறன் பயந்துபோய் பஸ்ஸுக்கடியிலிருந்து முழுசாக வெளியே வந்துவிட்டான்.

அவளுக்கு வேண்டியது என்ன? பெட்டி ஒழுங்காக நிற்க வேண்டும். அதற்குப் பிறகு ஒருத்தரும் அதைத் தொடக்கூடாது. ஒரு வாரமாகக் கெஞ்சினாள், சண்டை போட்டாள், கதவில் எழுதியும் ஒட்டினாள். நடக்கவில்லை. இப்போது மாமாவே தன் கையால் முறையாக நிறுத்தி, சந்தனம் வைத்து, நாளைக் காலை வரை தொடமாட்டேன் என்று அம்பாள் முன்னால் சத்தியமும் செய்துவிட்டார். இதைவிட நல்ல பூட்டு எந்த நிறுவனத்திலும் அவள் பார்த்ததில்லை.

"ரிப்பேர் போட்டோ நாளைக்குப் போனாப் போதும்" என்றாள். "மத்த ரெண்டு குடும்பமும் முழுசா அங்க இருக்கு. மாமா, பெட்டி அங்கயே உக்காந்திருக்கட்டும். ஒருத்தரும் தொடாதீங்க!"

"அதத்தான நானும் சொல்றேன்" என்றார் உமாபதி.

*

இரண்டு மணிக்கு ஆரம்பித்தாள். பட்டியல் கணினியைப் புது இடத்தில் எழுப்பினாள். முதல் தடவை எழுந்து மறுபடி படுத்துக்கொண்டது. இரண்டாவது தடவை எழுந்து நின்றது. ஓட்டுநர்களின் கைப்பேசிகள் பழைய பெட்டியைத் தேடிக்கொண்டு பின்னறைக்கு வராமல் புது இடத்துக்குப் போகும்படி முகவரியை மாற்றினாள். அப்புறம் பஸ் நிற்குமிடத்தைக் காட்டும் கணினி. ஒன்பது பஸ்களும் பத்தாங் பெர்ஜுந்தாய் முற்றத்தில் நிற்பதாக சைபர்ஜெயாவிலிருந்து சொன்னது. பிரேமலா எழுந்துபோய் ஜன்னல் வழியாக எண்ணிப் பார்த்தாள். ஒன்பது இருந்தன.

நாலு மணிக்குப் பூஜை. ஓட்டுநர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். கற்பூரம், மணி, சங்கு. அமலதாஸ் பூசணிக்காயை ஒரே போடாகப் போட்டு உடைத்தார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் நசுங்கியது. பொரி, சுண்டல், சர்க்கரைப் பொங்கல் என்று முற்றமே கலகலத்தது.

ஆறு மணிக்கு ஒன்று நடந்தது. கூட்டத்திலிருந்து நழுவி உமாபதி பின்னறைக்குள் போனார். பிரேமலா வாசலிலிருந்து பார்த்தாள். சர்வர் இருந்த வெற்றிடத்துக்கு முன்னால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"மாமா, ஏதாச்சும் போடணும்னா சொல்லுங்க. புது எடத்துல இப்பவே போட்டுடலாம். நீங்களே போடலாம், நான் பாக்கமாட்டேன்."

அவர் கட்டிய கையை அவிழ்த்துக்கொண்டு திரும்பினார். பிறகு, "ஒண்ணுமில்லம்மா. பூஜ நாளு. இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆறரை ஆனது. பிரேமலா மடிக்கணினியோடு அலுவலக வாசலில், முற்றத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எல்லோர் கண்ணும் தத்தம் கைப்பேசியில்.

ஒன்றும் வரவில்லை.

ஆறு முப்பத்திரண்டு, முப்பத்தைந்து. ஒன்றும் இல்லை. சுகுமாறன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "ஆறே முக்கால் ஆயிருச்சு பிரேமா" என்று முனகினான்.

அந்தக் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஓட்டுநர்கள் தாமதமாக வரக்கூடாது என்பதற்காக உமாபதி அதைப் பத்து நிமிடம் முன்னால் ஓடவிட்டிருக்கிறார். அலுவலகத்தில் அதுதான் நேரம். அதை யாரும் கேள்வி கேட்கக்கூடாது.

கேட்டவன் ஒருத்தன் உண்டு. இளைய மகன் விமலன். ஏழாம் நம்பர் பஸ் அவனுடையது. பதினான்கு மாதத்துக்கு முன் ஒரு நாள் நாலரை மணி வண்டிக்கு நாலு நாற்பதுக்கு வந்தான். கடிகாரம் நாலு ஐம்பது காட்டியது. "இருவது நிமிஷம் லேட்டு. ஒன்னை நம்பி பஸ் விட முடியாது" என்று எல்லா ஓட்டுநர்களுக்கும் முன்னால் உமாபதி கத்தினார். "உங்க கடிகாரத்துலதான் இருவது. உலகத்துல பத்துதாம்பா" என்றான் விமலன். "இந்த ஆபீஸ்ல இதுதான் நேரம்" என்றார் அப்பா. பையன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனவன்தான். இப்போது பத்தாங் காலி என்ற ஊரில் யாருக்கோ லோரி ஓட்டுகிறான். அன்றுமுதல் ஏழாம் நம்பரை ஓட்டுவது சுகுமாறன்.

கடிகாரம் என்றதும் பிரேமலாவுக்குச் சுரீரென்றது. புது இடத்துக் கணினியில் மணி பார்த்தாள்.

காலை பத்து முப்பத்தெட்டு.

"அட கடவுளே! எட்டு மணி நேரம் பின்னால ஓடுது! அதுக்கு இன்னும் சாயங்காலமே ஆகல, அதான் அனுப்பல!"

"பாத்தியா" என்றார் உமாபதி. "கடிகாரம் முன்னால ஓடினா ஒருத்தனும் கெட்டுப் போகமாட்டான். பின்னால ஓடினாத்தான் கேடு."

"மாமா, அப்புறம் பேசலாம் மாமா!" அவள் விரல்கள் ஓடின. மலேசிய நேரம் என்று மாற்றினாள். கணினி ஒரு நொடி யோசித்தது.

முற்றத்தில் ஒரு கைப்பேசி டிங் என்றது. இன்னொன்று. நாலைந்து ஒன்றாக. "வந்துருச்சு! எனக்கு வந்துருச்சு!" என்று செல்லன் சந்தனக் கையோடு கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து ஆட்டினார். ஓட்டுநர்களின் பெண்டாட்டிகள் கை தட்டினார்கள். திரையில் மூன்றாம் நம்பர் பச்சையானது, அப்புறம் ஒன்று, எட்டு, ஐந்து. அமலதாஸ் பூசணிக்காய்க் கையால் தட்டி நாலாம் நம்பரைப் பச்சையாக்கினார். இரண்டு, ஆறு, ஒன்பது.

எட்டு பச்சை.

ஏழாம் நம்பர் மட்டும் சாம்பல் நிறத்தில் நின்றது.

"என்னங்க, தட்டுங்க!"

சுகுமாறன் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எனக்கு வரவே இல்ல பிரேமா."

சுவர்க் கடிகாரம் ஆறு ஐம்பத்தெட்டு காட்டியது. எட்டுப் பேருக்குப் போனது இவருக்கு மட்டும் எப்படிப் போகாமல் இருக்கும்? எதை விட்டுவிட்டு வந்தேன்? பட்டியலைத் திறந்தாள். ஏழாம் நம்பர் பஸ். ஓட்டுநர் பெயர் இருந்தது. சுகுமாறன் இல்லை.

"விமலன்" என்று வாய்விட்டுப் படித்தாள்.

வேலம்மாவின் கையிலிருந்த கரண்டி பொங்கல் பானையிலேயே நின்றுவிட்டது.

பிரேமலா பழைய பதிவுகளைத் திறந்தாள். வரிவரியாக வந்தது. விமலன், விடுப்பு, பதிந்தவர் உமாபதி. விமலன், விடுப்பு, பதிந்தவர் உமாபதி. பஸ் ஓடிய ஒவ்வொரு நாளுக்கும் முந்தின மாலை ஆறு மணிக்கு ஒரு வரி. முன்னூற்று அறுபதுக்கு மேல் இருந்தன. விமலன் விடுப்பு என்று பதிந்தால்தான் சர்வர் ஏழாம் நம்பருக்குச் சுகுமாறனைப் போடும். அந்த நிரலிலேயே 'வேலையை விட்டவர்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. ஒரு தரம் தட்டினால் போதும், பெயர் போய்விடும். அதை அவர் தட்டவே இல்லை. மகன் வேலையை விடவில்லை, விடுப்பில் இருக்கிறான் என்று பதினான்கு மாதமாகத் தினமும் தன் கையால் எழுதியிருக்கிறார்.

அந்த இரண்டு நிமிடம் இதற்குத்தான்.

"மாமா..." என்றாள் பிரேமலா. தன்னை வேவு பார்ப்பதாக நினைத்தோமே என்று வெட்கமாக இருந்தது.

"இன்னிக்கு நான் லீவு போடல" என்றார் உமாபதி, தரையைப் பார்த்தபடி.

"மறந்துட்டீங்களா?" என்று கேட்டார் வேலம்மா. குரல் உடைந்தது. "இல்ல மறந்த மாதிரி இருந்துட்டீங்களா?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கடிகாரம் ஏழைத் தாண்டியது. சுகுமாறன்தான் மெல்லப் பேசினான். "பிரேமா, என் பேருக்கு மாத்தி அனுப்பிடு. ஒரு நிமிஷ வேலதான?"

பிரேமலா சுட்டியைக் கொண்டுபோனாள். ஒரு தட்டு. ஒன்பது பச்சை. ஆபீஸ், வீடு, கண்மணி எல்லாம் கைக்கு வந்துவிடும். விமலனின் பெயரைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். கையை எடுத்துவிட்டாள்.

"இருக்கட்டும்ங்க. கொஞ்ச நேரம் பாப்போம்."

"ஏழு தாண்டிருச்சும்மா" என்றார் செல்லன் வருத்தமாக.

அப்போதுதான் அது நடந்தது. சாம்பலாக நின்ற ஏழு, ஒரு முறை மினுங்கி, பச்சையானது.

பத்தாங் காலியில், ஏதோ ஒரு லோரிப் பட்டறையில், ஒரு பையன் அந்தச் செயலியை இத்தனை மாதமாக அழிக்காமல் வைத்திருந்திருக்கிறான்.

வேலம்மா அழுதார். அழுதுகொண்டே சிரித்தார். அமலதாஸ் மார்பில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு அம்பாளையும் கும்பிட்டார்.

சுகுமாறன் கடிகாரத்தைக் காட்டினான். "ஏழு ஆறு ஆவுதேப்பா. கெடு முடிஞ்சு போச்சே?" வேண்டுமென்றேதான் கேட்டான். அண்ணன்காரனுக்கு அந்தப் பழைய சண்டை மறக்குமா?

உமாபதி நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"அந்தக் கடிகாரம் பத்து நிமிஷம் வேகம்லா" என்றார், எட்டு ஓட்டுநர்களும் கேட்கும்படி. "உலகத்துல இன்னும் ஏழு ஆவல."

பிரேமலா முகத்தைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கிடையில் கண்ணீர் வழிந்தது. எங்கிருந்தோ ஓடி வந்து கண்மணி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, அப்ப நீங்க போகலையா?"

"போகல லா செல்லம். ஒனக்கு வயிறு வலிக்குதா?"

"இல்ல. பசிக்குது. இன்னும் ஒரு தட்டு பொங்கல்."

பிரேமலாவின் கைப்பேசி டிங் என்றது. விமலனிடமிருந்து ஒரு வரி. பிரேமலா சத்தமாகப் படித்தாள்.

"அப்பா, ஏழாம் நம்பர் சாவி எங்க இருக்கு?"

எல்லோரும் மேசையைத் திரும்பிப் பார்த்தார்கள். தாம்பாளத்தில், ஒன்பது சாவிகளுக்கு நடுவில், மற்றதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சந்தனம் வைத்துக்கொண்டு ஏழாம் நம்பர் சாவி இருந்தது. சுகுமாறன் கை நீட்டினான்.

"தொடாத!" என்று அதட்டினார் உமாபதி. "பூஜையில இருக்கு. காலையில நாலு மணிக்கு மறுபூஜ. அவனையே வந்து எடுத்துக்கச் சொல்லு."

பிரேமலா அப்படியே எழுதி அனுப்பினாள்.

உமாபதி முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். சுவரிலிருந்து கடிகாரத்தை இறக்கித் துணியால் துடைத்தார். முள்ளைப் பத்து நிமிடம் பின்னால் நகர்த்தி மறுபடி மாட்டினார். "ஆபீஸ் ஒன்னோடதும்மா. இனிமே நேரமும் நீ சொல்றதுதான்" என்றார் மருமகளைப் பார்த்து.

விமலன் செய்தியைப் படித்துவிட்டான் என்று கைப்பேசி காட்டியது. பதில் இன்னும் வரவில்லை.